அலுமினியத்தில் மரை கடைய வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அம்பத்தூரில் இரண்டு லேத்துகளை (கடைசல் இயந்திரங்களை) வைத்து நாங்கள் நடத்தும் சிறிய பட்டறைக்கு, ஒரே ஓர் உருப்படி செய்துகொள்ள வேண்டும் என்று வருகிறவர்கள் அதிகம். தொலைநோக்கியின் பின்னால் கேமராவைப் பொருத்த விரும்பும் வானியல் ஆர்வலர்கள், பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்ட நினைக்கும் புகைப்படக்காரர்கள், இறுதியாண்டு புராஜெக்டுக்காக அலையும் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே பொருளைத்தான்: இரு முனையிலும் மரை (திருகுப் புரி) உள்ள ஓர் அலுமினிய வளையம். அவர்களுடைய சந்தேகங்களும் ஒன்றுபோலவே இருப்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். உதாரணமாக ஒரு முனையில் எம் 42 × 0.75, மறுமுனையில் எம் 48 × 0.75 மரை உள்ள வளையத்தையே எடுத்துக்கொள்கிறேன். தொலைநோக்கிக்காரர்கள் அதிகம் கேட்பது அதுதான்.

ஒரே ஒரு பீஸ்தான் வேணும் சார், அதுக்குப் போய் லேத் ஓட்டுவீங்களா?

ஓட்டுவோம். ஆனால் ஒன்றுக்கும் ஐந்துக்கும் செலவில் பெரிய வேறுபாடு இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெட்டும் டூலைத் தீட்டுவது, கியர்களை மாற்றுவது, உருப்படியைப் பிடித்துச் சுழற்றத் தேவையான சக்கைப் பொருத்துவது, துண்டு உலோகத்தில் ஒருமுறை ஒத்திகை பார்ப்பது ஆகியவற்றுக்கே பாதி நாள் போய்விடும். உலோகத்தின் விலை அதில் சிறு பங்குதான். 60 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. நீளமும் உள்ள அலுமினியத் துண்டு ஏறத்தாழ 230 கிராம்தான் எடையிருக்கும்.

எம் 42 × 0.75 அப்படின்னா என்ன அர்த்தம்?

‘எம்’ என்பது மெட்ரிக் மரை என்பதையும், 42 என்பது மரையின் வெளி விட்டம் மில்லிமீட்டரில் எவ்வளவு என்பதையும், 0.75 என்பது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரத்தையும் குறிக்கின்றன. இந்தத் தூரத்தைத்தான் பிட்ச் என்கிறோம். ஒரு முழுச் சுற்று திருகினால் வளையம் 0.75 மி.மீ. முன்னே நகரும். இந்தக் கணக்கு பின்னால் கேமரா சாய்ந்து நிற்பது பற்றிய கேள்வியில் மீண்டும் வரும்.

மெட்ரிக் மரையின் பள்ளம் 60 டிகிரி கோணத்தில் இருக்கும். வெளிமரையின் (வளையத்தின் வெளிப்பக்கத்தில் கடைந்த மரையின்) ஆழம் பிட்ச்சில் 0.6134 பங்கு; அதாவது 0.75 பிட்ச்சுக்கு 0.46 மி.மீ. நகத்தின் தடிமனுக்குப் பக்கமான இந்த ஆழத்தில்தான் கேமராவின் எடை முழுவதும் தொங்குகிறது என்பதை நினைத்தால், இந்த வேலையில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு நாங்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறோம் என்பது விளங்கும்.

வெர்னியரில் அளந்தேன், 42 வரவில்லை, 41.9 தான் வருகிறது. அப்படியானால் இது எம் 42 இல்லையா?

பெரும்பாலும் எம் 42 தான். வெளிமரையின் முகடு பெயரளவு விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாகவே கடையப்படும். உள்மரையை அளந்தாலோ முகடுகளுக்கு இடையே 41.2 மி.மீ. அளவில்தான் வரும். எனவே விட்டத்தை மட்டும் வைத்து மரையை அடையாளம் காண முயல்வது பாதி வேலைதான். முக்கியமானது பிட்ச். பழைய திருகு லென்ஸ்களில் உள்ள மரை எம் 42 × 1. தொலைநோக்கிகளில் டி-2 என்று சொல்லப்படும் மரை எம் 42 × 0.75. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதல் ஒன்றரைச் சுற்று ஏறிவிட்டுப் பின்பு இறுகும். ‘கொஞ்சம் டைட்டா இருக்கு’ என்று நினைத்துப் பலத்தைக் காட்டினால் இரண்டு மரைகளும் போய்விடும்.

பிட்ச்சை அளக்கும் பிட்ச் கேஜ் இல்லாதவர்கள் அளவுகோலை மரைமேல் வைத்து 6 மி.மீ. நீளத்தில் எத்தனை முகடுகள் என்று எண்ணிப் பார்க்கலாம்: எட்டு என்றால் 0.75, ஆறு என்றால் 1. உருப்பெருக்குக் கண்ணாடி உதவும். சிறிய விட்டங்களில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சில வீடியோ கேமராக்களில் உள்ள சி மவுண்ட் (லென்ஸ் மாட்டும் அமைப்பு) என்பது 1 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 32 புரிகளும் உடையது. அதன் பிட்ச் 0.794 மி.மீ. அதை 0.75 என்று தவறாக எண்ணிவிடுவது எளிது.

டிராயிங் இல்லை. மொபைலில் எடுத்த படம் இருக்கிறது, அது போதுமா?

போதாது. டிராயிங் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வளையம் எதில் ஏற வேண்டுமோ அந்த மறுபாகத்தைக் கொண்டுவாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தொலைபேசியிலேயே ‘எம் 42’ என்று சொல்ல, லென்ஸ் வேலை என்று நானாகவே நினைத்துக்கொண்டு 1 பிட்ச்சில் கடைந்து கொடுத்தேன். அவருக்கு வேண்டியிருந்ததோ 0.75. கேட்காமல் விட்டது என் தவறு என்பதால் உலோகமும் கூலியும் என் கணக்கில் போயின. அன்று முதல் மறுபாகம் கையில் இல்லாமல் டூலைத் தொடுவதில்லை. மரையில் எழுதப்பட்ட அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. இறுதியில் அந்த மறுபாகம் ஏறுகிறதா என்பதுதான் அளவு.

கேமராவைப் பட்டறைக்குக் கொண்டுவர அஞ்சுகிறவர்கள் (அந்த அச்சம் நியாயமானது, அலுமினியத் தூள் எங்கும் பறக்கும்) அதே மரை உள்ள மூடி அல்லது மலிவான இணைப்பு வளையம் ஒன்றைக் கொண்டுவரலாம். அதோடு ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: எந்த முனை உள்மரை எது வெளிமரை, ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை நீளம் எவ்வளவு, நடுவில் ஒளி போக எவ்வளவு துளை வேண்டும்.

எந்த அலுமினியம் வாங்கி வரணும்? வீட்ல பழைய கட்டி ஒண்ணு கிடக்கு, அது ஆகுமா?

பாரிமுனைப் பக்கத்து உலோகக் கடைகளில் எச்இ 30 என்று கேட்டால் கிடைப்பது 6082 வகை. எச்இ 20 என்பது 6061. இவ்விரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். வெப்பப் பதம் ஏற்றிய, அதாவது டி6 நிலையில் உள்ள உருளையாகக் கேளுங்கள். கதவு, சன்னல் சட்டங்களுக்குப் பயன்படும் 6063 மென்மையானது. மரை கடையும்போது பிசின்போல இழுக்கும். எச்இ 15 என்பது செம்பு கலந்த 2014 வகை. கடைவதற்கு மிக இனிமையாக இருந்தாலும் அனோடைஸ் செய்தால் (மின்வேதி முறையில் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்த்தால்) நிறம் அவ்வளவு நன்றாக ஏறாது, கடற்காற்றுக்கும் அது எளிதில் ஈடுகொடுக்காது. திருவொற்றியூரிலோ பெசன்ட் நகரிலோ மொட்டை மாடியில் வைத்துப் பயன்படுத்தப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் கிடக்கும் கட்டி என்ன வகை என்று யாருக்கும் தெரியாது. பழைய பிஸ்டனை உருக்கிய வார்ப்பாக இருந்தால் அதில் சிலிக்கான் மிகுதி. டூலின் முனையைத் தேய்த்துவிடும், உள்ளே காற்றுக் குழிகளும் இருக்கலாம். அந்தக் குழி சரியாக மரையின் முகட்டில்தான் வந்து நிற்கும் என்பது என் அனுபவம்.

டையும் டேப்பும் வாங்கிப் போட்டா அஞ்சு நிமிஷ வேலைதானே? இல்லாட்டி 3டி பிரிண்ட்?

டை என்பது வெளிமரையையும், டேப் என்பது உள்மரையையும் வெட்டும் கருவிகள். 42 மி.மீ. விட்டத்தில் 0.75 பிட்ச்சுக்கு டை சாதாரணமாகக் கடைகளில் கிடைக்காது. சொல்லிச் செய்தால் அதன் விலையில் பல வளையங்களைக் கடைந்துவிடலாம். 3டி பிரிண்டரில் 0.2 மி.மீ. அடுக்காக அச்சிட்டால் ஒரு புரிக்கு நான்கு அடுக்குகள்கூட வராது. மூடிக்குப் போதும், கேமராவைத் தாங்கப் போதாது.

எங்கள் கல்லூரி லேத்தில் நானே இந்த மரையைக் கடைய முடியுமா?

முடியும், அந்த லேத்தின் லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் நீண்ட திருகு) எந்தப் பிட்ச் என்பதை முதலில் பார்த்துக்கொண்டால். மரை கடையும்போது ஒரே பள்ளத்தில் டூல் பலமுறை செல்ல வேண்டும். லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6 மி.மீ. என்றால், அதை 0.75 ஆல் வகுக்க 8 என்ற முழு எண் வருகிறது. எனவே லீட் ஸ்க்ரூவைப் பற்றும் ஹாஃப் நட்டைத் திறந்து, டூலைத் தாங்கும் கேரேஜைப் பின்னுக்குக் கொண்டுவந்து, எந்த இடத்தில் மீண்டும் பூட்டினாலும் டூல் பழைய பள்ளத்திலேயே விழும். இதே லேத்தில் 1.25 பிட்ச் கடைந்தால் 4.8 என்று வரும். அப்போது பூட்ட வேண்டிய தருணத்தைக் காட்டும் மரை டயலைப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும். பழைய லேத்துகள் பலவற்றில் உள்ளதுபோல அங்குலத்துக்கு நான்கு புரி உள்ள லீட் ஸ்க்ரூ என்றால், மெட்ரிக் மரைக்கு 127 பல் கியர் வேண்டும் (அங்குலம் 25.4 மி.மீ. என்பதால், அதன் ஐந்து மடங்கு 127), அதோடு வேலை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது, ஒவ்வொரு முறையும் டூலை வெளியே இழுத்துக்கொண்டு, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித்தான் திரும்ப வேண்டும்.

டூலின் முனையை 60 டிகிரிக்குத் தீட்டி, கோண கேஜ் வைத்து ஜாபுக்கு (கடையும் உருப்படிக்கு) செங்குத்தாக நிறுத்துங்கள். மரை முடியும் இடத்தில் 2 மி.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளத்தை முன்பே வெட்டி வைத்தால் டூலை நிறுத்த இடம் கிடைக்கும். நிமிடத்துக்கு 80 சுற்றில் ஓட்டினால் டூல் வினாடிக்கு 1 மி.மீ.தான் நகரும், அந்த வேகத்தில் ஹாஃப் நட்டைத் திறக்க யாராலும் முடியும். முதல் வெட்டு 0.15, பிறகு 0.1, அதன்பின் 0.05 என்று குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஆழத்தை மாற்றாமல் ஒன்றிரண்டு முறை சும்மா ஓட்டுங்கள். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் டயல் ஆழத்தைக் காட்டுகிறதா, விட்டத்தைக் காட்டுகிறதா என்று முன்பே அறிந்துகொள்ளுங்கள். மாணவர்கள் இரட்டிப்பு ஆழம் வெட்டுவது அங்கேதான். கையுறை அணிந்து லேத் அருகே நிற்காதீர்கள், வெட்டி வரும் உலோகச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள்.

மரை பளபளன்னு வரலை, கிழிச்ச மாதிரி சொரசொரன்னு வருது. ஏன்?

டூலின் நுனியில் அலுமினியமே ஒட்டிக்கொண்டு, ஒட்டியது வெட்டத் தொடங்குவதால். எஃகுக்குத் தீட்டிய டூலை அப்படியே அலுமினியத்துக்குப் போட்டால் இது நிச்சயம் நடக்கும். எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூலின் மேல்முகத்தை எண்ணெய்க்கல்லில் கண்ணாடிபோலத் தேய்த்து, நுனியை உயிர்க்கூர்மையாக வைத்து, தூரிகையால் மண்ணெண்ணெய் தடவிக்கொண்டே கடைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மண்ணெண்ணெய்தான் எங்கள் பட்டறைகளின் பழைய வழக்கம். எரியக்கூடியது என்பதால் பீடியை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வோம். உலோகம் மென்மையான 6063 ஆக இருந்தால் மேலே சொன்னதுபோல டூலைக் குறை சொல்லிப் பயனில்லை.

லேத்தில் இருக்கும்போது சரியாக ஏறியது. அரை மணி கழித்துப் பார்த்தால் லொடலொடவென்று ஆடுகிறது. எப்படி?

வெப்பம். அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரிகிறது; எஃகைப்போல இரண்டு மடங்கு. கடையும் சூட்டில் வளையம் சுற்றுப்புறத்தைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால், 42 மி.மீ. விட்டத்தில் அது 0.03 மி.மீ. பருத்திருக்கும். 0.75 பிட்ச் வெளிமரைக்கு வழக்கமான பொருத்தத்தில் விடப்படும் அடிப்படைச் சந்தே (இரு மரைகளுக்கும் இடையிலான இடைவெளி) 0.022 மி.மீ.தான். ஆகவே சூடான வெளிமரையில் மறுபாகம் ஏறும்வரை வெட்டிக்கொண்டே போனால், ஆறியபின் அது சுருங்கித் தளர்ந்துவிடும். உள்மரையில் இதற்கு நேர்மாறு: சூட்டில் ஏறியது ஆறியபின் ஏறாது. மே மாதத்துத் தகரக் கூரைப் பட்டறையில் மறுபாகமும் சூடாக இருப்பது ஒரு சிறு ஆறுதல். ஏசி அறையிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்த லென்ஸ் மூடியை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். கடைசி இரண்டு வெட்டுகளுக்கு முன் கால் மணி நேரம் டீ குடிக்கப் போய்விடுவது எங்கள் முறை. சோம்பேறித்தனம் என்று வாடிக்கையாளர்கள் நினைப்பதுண்டு.

இரண்டாவது காரணம் சக். மூன்று தாடைகள் மெல்லிய வளையத்தை இறுக்கும்போது அது மூன்று இடத்தில் உள்வாங்குகிறது. அந்த நிலையில் வட்டமாகக் கடைந்தது, தாடையைத் தளர்த்தியதும் மும்முனை வட்டமாகிவிடும். அதனால் நாங்கள் வளையத்தை முதலிலேயே துண்டிப்பதில்லை; தடித்த உருளையின் நுனியிலேயே துளை, மரை, முகம் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் வெட்டி எடுக்கிறோம்.

அப்படியானால் மறுபக்கத்து மரையை எப்படிக் கடைவீர்கள்? இரண்டும் ஒரே அச்சில் இருக்குமா?

வெட்டி எடுத்த வளையத்தைத் திருப்பிச் சக்கில் பிடித்தால் இருக்காது. சாதாரண மூன்று தாடைச் சக்கில் அச்சு எளிதாக ஒரு நூலிழை விலகும், படத்தின் ஒரு மூலையில் நட்சத்திரங்கள் நீண்டு தெரியும். ஆகவே முதல் மரை முடிந்ததும், வேறொரு துண்டு உருளையைச் சக்கில் பிடித்து, அதன் நுனியில் முதல் மரையோடு பொருந்தும் மரையைக் கடைகிறோம். அதைச் சக்கிலிருந்து கழற்றாமலேயே வளையத்தை அதில் திருகி, மறுபக்கத்து முகத்தையும் மரையையும் முடிக்கிறோம். அப்போது வளையத்தைப் பிடித்திருப்பது அதன் சொந்த மரையும் முகமும்தான் என்பதால், அச்சும் இணைத்தன்மையும் தானாக வந்துவிடுகின்றன. ஒற்றை உருப்படிக்கு நேரம் அதிகம் ஆவதன் காரணம் இந்தத் துண்டும்தான்.

கறுப்பு அனோடைஸ் பண்ணிட்டா மரை இறுகிடுமா?

இறுகும், எவ்வளவு என்று கணக்கிடலாம். 10 மைக்ரான் படலம் என்றால் அதில் சுமார் பாதி உலோகத்துக்கு வெளியே வளர்கிறது, அதாவது 5 மைக்ரான். 60 டிகிரி மரையின் இரு சரிவுகளிலும் அது படிவதால், மரையின் நடுவிட்டம் (முகட்டுக்கும் அடிக்கும் இடையில் அளக்கும் விட்டம்) அந்த 5 மைக்ரானைப்போல நான்கு மடங்கு, அதாவது 20 மைக்ரான் மாறும். மேலே சொன்ன 0.022 மி.மீ. சந்து ஏறத்தாழ முழுவதும் இதற்கே போய்விடுகிறது. ஆனால் அனோடைஸுக்கு முன் காரத்தில் நனைக்கும்போது கொஞ்சம் உலோகம் கரைவதும் உண்டு, அந்த அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே நிறம் ஏற்றப் போகிறேன் என்பதை முன்பே சொல்லுங்கள். மரையைச் சற்றுத் தளர்வாகக் கடைவோம்.

துளையின் உட்புறத்தையும் கறுப்பாக்கினால் மட்டும் ஒளிச் சிதறல் நிற்காது. வழவழப்பான கறுப்புச் சுவர் சாய்வாக விழும் ஒளியைக் கண்ணாடிபோலத் திருப்பும். துளை முழுவதும் மெல்லிய மரைபோன்ற வரிகளை வெட்டிவிட்டுக் கறுப்பேற்றினால் பலன் அதிகம்.

55 மி.மீ. வரணும்னு சொல்றாங்க. அது வளையத்தோட நீளமா?

இல்லை. டி-2 முறையில் மரையின் முகத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் 55 மி.மீ. கேமராவின் உள்ளே இருக்கும் தூரத்தை அதிலிருந்து கழித்து வருவதுதான் உங்கள் வளையம். கேனான் இஎஃப் மவுண்டில் அது 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ.; எனவே வளையம் முறையே 11, 8.5 மி.மீ. கேமராவின் முகத்திலிருந்து சென்சார் 17.5 மி.மீ. என்று எழுதியிருந்தால் 37.5 மி.மீ. இந்த நீளம் எந்த முகத்திலிருந்து எந்த முகம் என்பதை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். மரையின் நீளம் இதில் சேராது, அது மறுபாகத்தின் உள்ளே போய்விடுகிறது. மரைக்கு 4 மி.மீ., அதாவது ஐந்து புரி, போதுமானது.

முழுசா டைட் பண்ணினா கேமரா கால்வாசி சுத்துக்கு முன்னாடியே நின்னு, சாய்ஞ்சு நிக்குது. மரை தப்பா?

மரையில் தவறில்லை, அது தொடங்கும் இடம் உங்கள் கேமராவின் நேர்நிலையோடு ஒத்துப்போகவில்லை. ஒரு சுற்றுக்கு 0.75 மி.மீ. என்பதால் கால் சுற்றுக்கு 0.19 மி.மீ. வளையத்தின் மோதும் முகத்தில் அந்த அளவைச் சீவினால், அது இன்னும் 90 டிகிரி உள்ளே திருகி நேராக நிற்கும். முன் கேள்வியின் நீளமும் அதே 0.19 மி.மீ. குறையும் என்பதால், முதலில் நீளத்தைச் சற்றுக் கூட்டிக் கடைந்து வைப்பது நல்லது. சீவ விருப்பமில்லை என்றால், முக்கால் சுற்றுக்குச் சமமான 0.56 மி.மீ. தகட்டு வளையம் ஒன்றை நடுவில் வைத்துத் தளர்த்தும் திசையில் நேராக்கலாம்.

ரெண்டு வளையமும் ஒட்டிக்கிச்சு, கழட்டவே முடியலை.

விரல்களால் பலமாகப் பிடித்தால் வளையம் நீள்வட்டமாகி மேலும் பூட்டிக்கொள்ளும். அகலமான ரப்பர் பட்டையை முழுச் சுற்றாகச் சுற்றி, சுற்றளவு முழுவதும் ஒரே சீராக அழுத்தம் விழும்படி திருப்புங்கள். அனோடைஸ் இல்லாத அலுமினியத்தில் அலுமினியத்தைத் திருகுவது ஒட்டிக்கொள்வதற்கு அழைப்பு விடுப்பதுபோல. மெல்லிய கிரீஸ் ஒரு துளி தடவுங்கள். மாட்டும்போது முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, ‘டக்’ என்று ஒரு சிறு விழல் தெரிந்தபின் முன்னோக்கித் திருகினால் மரை கோணலாக ஏறாது.

நான் கடைந்த மரை லூஸாகிவிட்டது. டெஃப்லான் டேப் சுற்றினால் சரியாகுமா?

ஆட்டம் குறையும், அச்சு சரியாகாது. டேப் ஒரு பக்கம் தடித்து, முகத்தை முழுமையாக உட்காரவிடாமல் தடுக்கும். வெட்டிய உலோகத்தைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. வெளிமரை தளர்ந்திருந்தால், சுவர் தடிமன் அனுமதிக்கும் இடத்தில் மரையை முழுவதும் சீவி எடுத்துவிட்டு, ஒரு புதிய வளையத்தை இறுக்கமாக ஏற்றி ஒட்டி, அதன்மேல் மீண்டும் கடையலாம். எம் 42 வெளிமரைக்கு அடிவிட்டம் 41.08 மி.மீ.; நடுத்துளை 38 என்றால் சுவர் ஒன்றரை மி.மீ.தான், அதில் இந்த வைத்தியம் நடக்காது, புதிதாகக் கடைவதே மலிவு. தளர்ந்ததைத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த முறை டூலை நிறுத்தும்போது ஒத்திகைக்கு அதுவே உதவும்.